ரெலிக்ட் என்ற சொல்லும் என் கையெழுத்தும்

போன மாதம் நகரின் நடுவே இருக்கும் கியாக்டடாவுக்கு ஒரு வேலையாக வந்தவன், நம் பழைய அலுவலகத்தின் படியேறி உங்களையும் பார்த்துவிட்டுப் போனேன். இப்போது அங்கே மொழிபெயர்க்கும் நீங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். பழைய காலத்துத் தாள்களை மொழிபெயர்க்கும்போது எங்கே வழுக்கும் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். பர்மியத்தில் எழுதினால் சீக்கிரம் படித்துவிடுவோம் என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் தமிழில்தான் எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள். நம் வேலையில் மெதுவாகப் படித்து யாரும் கெட்டுப்போனதில்லை.

முத்திரையை எங்கே வைப்பது, எந்த அலுவலகத்துக்கு எத்தனை பிரதி என்பதெல்லாம் இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் சொல்லை நான் தப்பாக மொழிபெயர்த்தேன். அப்போது நான் வேலைக்குப் புதியவனாக இருந்திருந்தால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். இருபத்து மூன்று வருஷம் இந்த வேலையைச் செய்து முடித்திருந்தேன். சூலே பகோடாவைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய இங்கிலீஷ் தாள் எதுவானாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். ‘நேச்சுரல் சன்’ என்று ஒரு பழைய உயிலில் இருந்ததை வேறொருவர் ‘இயற்கையான மகன்’ என்று எழுதிக் கொடுத்து, பிறகு நான்தான் அதைத் திருத்தினேன். கல்யாணம் செய்யாமல் பெற்ற பிள்ளையை அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். இந்தக் கதையை நானே பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதுண்டு. என் நிலைமை அப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

தாகேதாவில் தையல் கடை வைத்திருந்த டோ மாலா என்ற அம்மா ஒரு நாள் காலையில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தகப்பனார் தமிழர், தாயார் பர்மியர். தமிழ் பேசுவார், எழுத வராது. எல்லாரும் கூப்பிடுவது போல அவரும் என்னை மரியாதையாக ‘சயா’ என்றுதான் கூப்பிட்டார். தன் மகளுக்குக் குடியுரிமை அட்டை வாங்க வேண்டும், குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காக அவர் தகப்பனாரின் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்திருந்தார். நாலாக மடித்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் அரிசிக் கஞ்சி தடவி வேறு தாள் ஒட்டியிருந்தார்கள்.

யுத்தத்துக்கு முந்திய தாள். துறைமுக வேலைத்தளத்து லைன் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு துரை தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டது. ஒரே வாக்கியம்தான். பேச்சி என்ற பெண்ணும் அவளுடைய கைக்குழந்தையும் லைனில் இன்ன எண்ணுள்ள அறையில் தொடர்ந்து குடியிருக்கலாம் என்ற அனுமதி. பேச்சி யார் என்று சொல்லும் இடத்தில் ‘ரெலிக்ட் ஆஃப் முனியாண்டி, லேட் ஆஃப் தி வொர்க்‌ஷாப்’ என்று இருந்தது.

‘ரெலிக்ட்’ என்ற சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் மேசையில் இருந்த அகராதியிலும் அது இல்லை. ஆனால் ‘டெரிலிக்ட்’ எனக்கு நன்றாகத் தெரியும். ஆள் இல்லாமல் கடலில் விட்டுவிட்டுப் போன கப்பலைப் பற்றிய வழக்குத் தாள்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். கைவிடப்பட்டது என்று பொருள். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ‘லேட் ஆஃப் தி வொர்க்‌ஷாப்’ என்பதை, முன்பு வேலைத்தளத்தில் இருந்தவர் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சொற்களுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு. ஆக, ஒரு மனிதன் வேலையை விட்டுவிட்டு, பெண்டாட்டியையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். துரை இரக்கப்பட்டு அறையைக் கொடுத்திருக்கிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ‘முன்பு வேலைத்தளத்தில் இருந்த முனியாண்டியால் கைவிடப்பட்ட மனைவி பேச்சி’ என்று பர்மியத்தில் எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டோ மாலா தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு உடனே எழுந்திருக்கவில்லை.

“சயா, இது நிச்சயமா?”

“தாள்ல இருக்கறதுதான்மா. நானா ஒண்ணும் சேக்கல.”

“இல்ல, அப்பா வேற மாதிரி சொல்லுவாரு. அதான் கேட்டேன்.”

குடும்பத்தில் சொல்லும் கதை ஒன்றாகவும் தாள் வேறொன்றாகவும் இருப்பதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார். ஒன்று குடியுரிமை அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். குடியுரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்களாம், அதில் பிரச்சினை எதுவும் இல்லையாம். பிரச்சினை வீட்டில். அவர் தகப்பனார் கன்னையாவுக்கு அப்போது எண்பது வயதைத் தொட்டிருந்தது. அந்தத் தாளில் வரும் கைக்குழந்தை அவர்தான். தன் தகப்பன் படகுத்துறையில் சங்கிலி அறுந்து ஆற்றில் விழுந்து செத்துப்போனான், அப்போது தான் மூன்று மாதக் குழந்தை என்று தாய் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். வருஷம் தவறாமல் ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரைக்குப் போய்த் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர். பேத்தி ஆசையாக மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்துக் காட்டியிருக்கிறாள். ‘கைவிடப்பட்ட மனைவி’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாராம். மறுபடி படிக்கச் சொன்னாராம். அதற்குப் பிறகு யாரோடும் பேச்சில்லை.

“ரெண்டு நாள் கழிச்சு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு, சயா. ‘அறுவது எழுவது வருசமா உசுரோட இருக்கறவனுக்கு எள்ளுத்தண்ணி விட்டுருக்கேன்’னு. அவரு அம்மா பொய் சொல்லிருச்சுன்னு நெனைக்கிறாரு. அந்த ஆத்தா படத்த செவத்துலேந்து கழட்டி வச்சிட்டாரு. சோறு பேருக்குத்தான் திங்கிறாரு.”

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நான் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன். அப்போது டோ மாலா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சயா, ஒரு தாள் மாத்தி எழுதிக் குடுங்க. புருசன் செத்துப்போனவன்னு. ஆபீசுக்குக் குடுக்க மாட்டேன். அப்பாகிட்டக் காட்டறதுக்கு மட்டுந்தான். அவரு இன்னும் எத்தன நாளு இருக்கப் போறாரு?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாளில் இல்லாததை எழுத மாட்டேன், யார் அழுதாலும் எழுத மாட்டேன், என் முத்திரைக்கு அதுதான் மதிப்பு என்று சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டோ மாலா கோபப்படவில்லை. “சரி சயா. பொய் எழுத வேணாம். இன்னொரு தடவ பாத்துருங்க. அது மட்டும் செய்ங்க” என்றார்.

அவரைத் திருப்திப்படுத்தி அனுப்பத்தான் எழுந்தேன். வேறு காரணம் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த புதிய அகராதியைப் பிரித்தேன். அதில் ‘ரெலிக்ட்’ இருந்தது. பழைய காலத்திலிருந்து எஞ்சி நிற்கும் செடி அல்லது விலங்கு என்று போட்டிருந்தது. ஒரு பெண்ணைச் செடி என்று எந்தத் துரையும் எழுத மாட்டான். அங்கேதான் முதல்முறையாக எனக்கு உறைத்தது. இந்தச் சொல்லை நான் அறிந்து எழுதவில்லை, ஊகித்து எழுதியிருக்கிறேன்.

மேல்மாடியில் நம் அலுவலகத்தின் சொந்தக்காரர் இருந்தார். வக்கீல் அம்மா. நாங்கள் எல்லாரும் ‘சயாமா’ என்போம். நீங்கள் வருவதற்கு முன்பே அவர் மகளோடு வெளிநாடு போய்விட்டார். அவர் அறையில் தலையணை கனத்துக்கு ஒரு பழைய அகராதி உண்டு. முதுகு பிய்ந்து துணி ஒட்டியது. நான் போய்க் கேட்டதும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாமே தேடினார். விரலை ஓரிடத்தில் வைத்து என் பக்கம் திருப்பினார். கைம்பெண். கணவனை இழந்தவள். அதுதான் அங்கே முதல் பொருள்.

“இது பழைய பத்திரங்கள்ல நிறைய வருமே” என்றார் பர்மியத்தில். அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். வீட்டு விற்பனைப் பத்திரங்கள். மூன்றாவது பத்திரத்திலேயே இருந்தது. காலஞ்சென்ற இன்னாருடைய ‘ரெலிக்ட்’ ஆகிய இன்னாள். இன்னொன்றில் ‘லேட் ஆஃப்’ கூட இருந்தது. அங்கே அதன் பொருள், சாகும்வரை அந்த இடத்தில் இருந்தவர் என்பது.

அந்தச் சொல்லின் வரலாற்றைப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். லத்தீனில் அதன் வேர் ‘பின்னால் விடப்பட்டது’ என்பதுதான். அதுவரை என் ஊகம் சரி. ஆனால் சொற்கள் வேரிலேயே நின்றுவிடுவதில்லை. மகான்களின் எலும்பையும் உடையையும் பாதுகாத்து வைப்பார்களே, அந்த எச்சங்களுக்கான ‘ரெலிக்’ அதே வேரிலிருந்து ஒரு பக்கம் போயிற்று. கைவிட்ட கப்பலுக்கான ‘டெரிலிக்ட்’ இன்னொரு பக்கம் போயிற்று. ‘ரெலிக்ட்’ மட்டும் கணவனின் மரணத்தால் தனித்து விடப்பட்ட பெண்ணைக் குறிக்கும் சொல்லாகப் பல நூறு வருஷம் இங்கிலீஷில் இருந்தது. அதில் இழிவு எதுவும் கிடையாது. கல்லறைக் கல்லிலும் பத்திரத்திலும் மரியாதையாகவே எழுதினார்கள். பேச்சில் அது தேய்ந்த பிறகும் கோர்ட்டுத் தாள்களில் தங்கியிருந்தது. பிறகு விஞ்ஞானிகள் அதை எடுத்து, தன் இனமெல்லாம் அழிந்த பின்னும் ஒரு மூலையில் உயிரோடிருக்கும் செடிக்கு வைத்தார்கள். இன்று சின்ன அகராதிகளில் அந்தச் செடி மட்டும் இருக்கிறது. பெண்ணைக் காணோம். பேச்சியின் தாள் எழுதப்பட்ட காலத்தில் அந்தச் சொல் எங்கே நின்றுகொண்டிருந்தது என்று நான் பார்த்திருக்க வேண்டும். அதன் சொந்தக்காரச் சொல் ஒன்றை எனக்குத் தெரியும் என்பதால் இதையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்று அந்த அறையில் அந்த நிதானம் இல்லை. கீழே ஒரு அம்மா காத்துக்கொண்டிருக்கிறார். உண்மையையே எழுதும்படி ஒருவர் மன்றாட, அதைப் பொய் என்று சொல்லி, என் முத்திரையின் மதிப்பைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் செய்துவிட்டு மேலே வந்திருக்கிறேன்.

சயாமா நிலைமையைப் புரிந்துகொண்டார். “பெரிசு பண்ணாதீங்க. சரியா ஒண்ணு எழுதி எடுத்துட்டுப் போங்க. அந்த ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். ஃபைல்ல பழைய பக்கத்த எடுத்துட்டுப் புதுச வச்சிடுவார். யாருக்கும் கஷ்டமில்ல” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் விண்ணப்பம் நின்றுவிடக் கூடாது, என் பேரும் கெடக் கூடாது என்றுதான் சொன்னார். எனக்கும் அந்த வழி பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது. மாடிப்படி இறங்கும்போது மனத்துக்குள் புதிய வாக்கியத்தை எழுதிக்கொண்டேதான் இறங்கினேன்.

டோ மாலாவிடம் நடந்ததைச் சொன்னேன். நான் எழுதியது தப்பு, உங்கள் அப்பா சொல்வதுதான் சரி என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இத அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?” என்றார். “சயாகிட்டப் போய் மாத்தி வாங்கிட்டு வர்றேன்னு நாந்தான் அவருகிட்டச் சொல்லிட்டு வந்தேன். ‘என்ன ஏமாத்த வேணாம், புள்ள’ன்னு அப்பவே சொன்னாரு. இப்ப புதுத் தாள் கொண்டு போனா என் வேலைன்னுதான் நெனைப்பாரு.”

“நானே வந்து சொல்றேன்மா.”

“நீங்க சொன்னாலும் நான் அழுது எழுதி வாங்கினேன்னு சொல்லுவாரு. நீங்க மொதல்ல எழுதின தாள் அவரு தலகாணிக்கு அடியில இருக்கு, ஒங்க முத்திரையோட. ஆபீஸ்காரங்க ஒத்துக்கிட்டு முத்திரை வச்சாத்தான் நம்புவாரு. அவங்களுக்கு நம்மமேல எரக்கம் கெடயாதுன்னு அவருக்குத் தெரியும்.”

மேலே போய்ச் சயாமாவிடம் சொன்னேன். ஒரே தாளுக்கு, ஒரே தேதியில், என் கையெழுத்தோடு இரண்டு விதமான மொழிபெயர்ப்பு உலவப் போகிறது. பக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றினால் அந்தப் பெரியவர் கையில் இருக்கும் தப்பான தாளே அவருக்கு உண்மையாக இருந்துவிடும் என்றேன். அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“அப்போ தப்புன்னு எழுதிக் குடுத்துக் கையெழுத்துப் போடணும். உங்க பேர் கெடும். அந்தப் பொண்ணு விண்ணப்பத்தையும் நிறுத்தி வைக்கலாம். ரெண்டுக்கும் சம்மதமா?”

என் பேருக்கு நான் பதில் சொல்லலாம். விண்ணப்பம் என்னுடையது இல்லை. மறுபடி கீழே போய் டோ மாலாவிடமே கேட்டேன். மகளுக்குத் தாமதமாகலாம், மாதக் கணக்கில்கூட ஆகலாம் என்றேன். அவர் மகளுக்கு அங்கேயே போன் செய்து பர்மியத்தில் பேசினார். ஒரு நிமிஷம்தான். போனை வைத்துவிட்டு, “தாத்தா சோறு திங்கட்டும் மொதல்லன்னு சொல்லுது” என்றார்.

மறுநாள் காலை குடியுரிமை அலுவலகம் திறக்கும்போதே இருவரும் போய் நின்றோம். என் கையில் மூன்று தாள்கள். திருத்தம், அகராதிப் பக்கத்தின் பிரதி, சயாமாவின் பழைய பத்திரம் ஒன்றின் பிரதி. திருத்தத்தில் ‘இந்தச் சொல்லின் பொருளைச் சரிபார்க்காமல் எழுதினேன், பிழை என்னுடையது’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு முந்தின நாள் மதியம் முழுதும் பிடித்தது. முதலில் ‘பழைய வழக்குச் சொல்லானதால் ஏற்பட்ட பொருள் மயக்கம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது தப்பைத் தூக்கி அந்தச் சொல்லின் தலையில் போட்டிருப்பது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று தாள்களையும் ஒழுங்காகப் படித்தார். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க எழுதினது தப்புன்னு நீங்களே வந்து சொல்றீங்க. இங்க உங்க முத்திரை போட்ட தாள் நூத்துக்கணக்குல இருக்கு. அதையெல்லாம் நான் இனிமே எப்படி நம்பறது?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டோ மாலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமர்த்தியமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தேடினேன். கடைசியில், “நியாயமான கேள்வி. இந்த வருஷம் நான் குடுத்த பழைய தாள்களை எல்லாம் மறுபடி பாக்கறேன். தப்பு இருந்தா இதே மாதிரி எழுதிக் கொண்டு வர்றேன்” என்றேன்.

“எவ்வளவு நாள்ல?”

“மூணு மாசம்.”

அவர் அதையும் திருத்தத் தாளின் கீழே என் கையாலேயே எழுத வைத்தார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு கூப்பிட்டுத் திருத்தத்தின் இரண்டு பிரதியிலும் அலுவலக முத்திரையை வைத்தார். ஒன்றை எங்களிடம் கொடுக்கும்போது, “அந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கிறது?” என்று கேட்டார். சொன்னேன். தமக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்று மாதம் வேலை நேரம் போக மீதி நேரத்தில் பழைய பிரதிகளைப் பார்த்தேன். இரண்டு தப்புகள் கிடைத்தன. சின்னத் தப்புகள்தான். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் சில காலம் என்னிடம் தாள் அனுப்பவில்லை என்பதும் உண்மை. பிறகு வந்தார்கள். டோ மாலாவின் மகளுக்கு அட்டை கிடைக்க நாலு மாதம் ஆயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் நடந்தது. முத்திரை வைத்த தாளோடு நேராகத் தாகேதாவுக்குப் பஸ் ஏறினோம். மழை விட்டிருந்தது. டோ மாலாவின் வீடு தையல் கடையின் பின்பக்கம். கன்னையா பலகைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். வேலை செய்த காலமெல்லாம் பஸ் எஞ்சின் பிரித்துக் கோத்தவர் என்று மகள் சொல்லியிருந்தார்.

நான் யார் என்று சொன்னேன். தாளை எழுதியவன் நான்தான், தப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எம் பொண்ணு அழுதாளா?” என்றார்.

“அழுதாங்க. ஆனா அதுக்காக எழுதலைங்க.”

“அழுதா எழுதித்தான் குடுப்பீங்க. நானா இருந்தாலும் எழுதிக் குடுப்பேன்.”

அலுவலக முத்திரையைக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் கொஞ்சம் அசைந்தார். ஆனாலும் தாளைக் கட்டிலில் போட்டுவிட்டார். அப்போதுதான் அகராதிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று தெரியும். இருந்தாலும் கொடுத்தேன்.

“எழுத்துத் தெரியும்” என்றார். “எஞ்சின்ல பார்ட்டுப் பேரெல்லாம் இங்கிலீசுதான்.” தலையணைக்கடியில் கைவிட்டு அந்தப் பழைய தாளை, துரையின் தாளை, எடுத்தார். “எங்க இருக்கு?”

இரண்டு தாளிலும் இடத்தைக் காட்டினேன். வலது கை விரலைப் பழைய தாளிலும் இடது கை விரலை அகராதிப் பக்கத்திலும் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். ஆர். இங்கேயும் ஆர். ஈ. எல். ஐ. இடையில் நிறுத்திக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சி. டி. கடைசி எழுத்து இரண்டு பக்கமும் சரியாக வந்து நின்றதும் விரல்களை எடுக்காமல் கேட்டார்.

“இதுக்கு நேரா என்ன போட்டுருக்கு?”

“புருசன் செத்துப்போன பொம்பள.”

“அப்ப நீங்க எழுதினது?”

அந்தச் சொல்லின் வேரையும் அது போன வழியையும் சொன்னேன். விட்டுவிட்டுப் போவது என்பதிலிருந்து எப்படி வந்தது, நான் எங்கே வழி தவறினேன் என்பதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பஸ் எஞ்சினில் எந்த நட்டு கழன்றது என்று கேட்பது போலக் கேட்டார்.

“வெள்ளக்காரனுக்கு வேற சொல்லு கெடைக்கல?” என்றார். “செத்தவனும் ஓடிப்போனவனும் ஒரே சொல்லுக்குள்ளயா இருப்பான்?”

டோ மாலா சிரித்துவிட்டார். அவரும் கொஞ்சம் சிரித்தார். அந்த வீட்டில் இரண்டு வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு என்று டோ மாலா பிறகு சொன்னார். உள்ளே போய்ச் சோறு போட்டு எடுத்து வந்தார். எனக்கும் ஒரு தட்டு. மீன் குழம்பும் புளிச்சக்கீரையும். பெரியவர் நாலு வாய் சாப்பிட்டு நிறுத்தினார். பசி இல்லாமல் நிறுத்தவில்லை. பேச வேண்டியிருந்தது.

“யுத்தம் வந்தப்ப லைன்ல இருந்த நம்மாளுக எல்லாரும் நடந்தே ஊருக்குக் கெளம்பிட்டாக. எனக்கு ஆறு ஏழு வயசு. எங்கம்மா மட்டும் கெளம்பல. குண்டு விழுது, அரிசி கெடயாது, லைன்ல நாயிகூட இல்ல. ஏம்மா நாம போகலன்னு கேட்டேன். ஒங்கப்பன் இந்த ஆத்துல கெடக்கான், அவன விட்டுட்டு நான் எங்கடா போறதுன்னுச்சு.”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இந்தப் பன்னண்டு நாளா அதயேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஓடிப்போனவன் திரும்பி வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சோ, எங்கிட்ட அத மறச்சுச்சோன்னு. பாவம், எங்கம்மாவ நான் சந்தேகப்பட்டேன்.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துரையின் தாளை என்னிடம் நீட்டினார்.

“இதப் படிங்க. இங்கிலீசுலயே படிங்க. இதுவரைக்கும் எனக்கு யாரும் படிச்சுக் காட்டினதில்ல.”

படித்தேன். இன்னும் மெதுவாக என்றார். இன்னொரு முறை படித்தேன். மூன்றாம் முறை பேச்சி என்ற பெயர் வந்தபோது அவரும் கூடவே சொன்னார். அடுத்து வந்த அந்தச் சொல்லையும், ஒரு பழைய பார்ட்டின் பெயரைச் சொல்வது போலத் திருத்தமாக, “ரெலிக்ட்” என்றார். முனியாண்டி என்ற பெயரை மட்டும் அவரையே சொல்ல விட்டுவிட்டு நான் நிறுத்திக்கொண்டேன்.